வெள்ளைக் காரில் கறுப்புத் தீற்றல்

பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் காரைத் தேய்க்கக் கூடாது என்பது மாஸ்டருக்குத் தெரியாமல் இல்லை. பதினெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வண்டிப் பராமரிப்பு பற்றித் தனியாக ஒரு வகுப்பே எடுப்பார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக் காரின் பின்சக்கரத்துக்கு மேலே அப்பியிருந்த கறுப்புத் தீற்றல்களைக் கண்டதும், கை தானாக அடுப்படிக்குப் போய் நாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. நாலே இழுப்பு. தீற்றல் இம்மியும் அசையவில்லை. சுற்றியிருந்த வெள்ளைப் பெயின்ட்தான் பளபளப்பு போய், சொறி பிடித்த மாதிரி ஆயிற்று.

"சபாஷ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாணவர்கள் வண்டியைச் சுவரில் ஏற்றும்போது சொல்கிற அதே சபாஷ்.

மனைவி நர்ஸ். காலை ஷிப்டுக்குப் பஸ்ஸில் போயிருந்தாள்; மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் சொறியை மறைத்தாக வேண்டும். துடைக்க நல்ல துணி தேடி டேஷ்போர்டைத் திறந்தபோது, ஒரு பாலிஷ் கடையின் கார்டு கையில் அகப்பட்டது. அந்தக் கடைக்கு மாஸ்டர் போனதே இல்லை. அப்படியானால் போனது யார்?

முந்தின நாள் காரை எடுத்துப் போனவள் மனைவி. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவளுடைய அக்கா வீட்டுக்குப் போவாள். அக்கா வீட்டு வழியில் தார் போடுகிறார்களோ என்று நினைத்தபடி வண்டியைப் பாலிஷ் கடைக்குள் விட்டார்.

"வாங்கக்கா, நேத்து கடை லீ..." என்று ஓடிவந்த கடைக்காரர், கதவைத் திறந்து இறங்கிய மீசையைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

"இந்த வண்டி உங்களுக்குத் தெரியுமா?"

"வெள்ள வண்டி எல்லாம் ஒரே மாதிரிதானே சார்."

"அக்கான்னீங்க?"

"வாய்ப் பழக்கம் சார். எங்கப்பாவையே ரெண்டு தடவ அக்கான்னு கூப்பிட்டிருக்கேன்."

இந்த அப்பாவை மாஸ்டர் கொஞ்சமும் நம்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. அது தொழில் வியாதி. பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, மனம் பதறினால் எங்கே இருந்தாலும் கால் அழுத்தும். முடி வெட்டும் நாற்காலியிலும் அழுத்தும்.

கடைக்காரர் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கினார். பிறகு தீற்றல்மேல் ஏதோ ஒரு திரவத்தைத் தெளித்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"தேய்க்கலையா?"

"தேய்ச்சது யாருன்னுதான் தெரியுதே சார்." சொறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு நிமிஷம் ஊறட்டும். அதுவா எளகி வரும். இதுகிட்ட அவசரப்பட்டா பெயின்ட்தான் போகும்."

இளகித்தான் வந்தது. மெத்தென்ற துணியில் கறுப்பு கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மிச்சமிருந்த துணுக்குகளை, சோப்புத் தண்ணீர் தெளித்து, களிமண் போன்ற ஒரு உருண்டையால் நோகாமல் நீவி எடுத்தார்.

"தார் நல்லா ஒட்டியிருக்கு" என்றார் மாஸ்டர், தூண்டில் போட்டு.

"தார் இல்ல சார், டயர் ரப்பர். சூடேறி உருகுன ரப்பர். ரோட்டுல ஓட்டுனா இப்படி ஒட்டாது."

"வேற எங்க ஓட்டுனா ஒட்டும்?"

கடைக்காரர் குழாயைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாக, "ரேஸ் டிராக்லன்னு சொல்லுவாங்க. பொதுவா. நான் பார்த்ததில்ல" என்றார். வாய் நிற்கவில்லை. "பம்பர்லயும் இருக்கு பாருங்க. முன்னாடி போற வண்டிய ஒட்டி வெரட்டுனா, அது வீசுற ரப்பர் மொகத்துலயே அப்பும்."

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் மூன்று வண்டி இடைவெளி என்பது மாஸ்டரின் முதல் பாடம். அதை வரி பிசகாமல் கடைப்பிடிக்கும் ஒரே மாணவி அவர் மனைவி. எனவே ஓட்டியது அவளில்லை. வேறு யாரோ. அவளுடைய காரை, அவள் கொடுத்து, வேறு யாரோ.

சகலைக்குப் போன் போட்டார்.

"நேத்து இவ அங்க வந்தாளா சகலை?"

"நேத்தா? நேத்து... இருங்க." போனைக் கை பொத்தியது, உள்ளே குசுகுசுப்பு. "வந்தா. சாப்பிட்டா. போயிட்டா."

"என்ன சாப்பிட்டா?"

மறுபடியும் குசுகுசுப்பு. லைன் கட்டாகிவிட்டது.

கார் கிடக்கட்டும், தகரம். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஊரே ஒரு ரகசியத்தில் சேர்ந்திருக்கிறது. அவரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு வேறு ஏதோ ஒரு வாழ்க்கை இருக்கிறதோ, அதில் தனக்கு இடமே இல்லையோ என்று நினைத்தபோது கால் தரையைத் துளைக்கப் பார்த்தது.

"சார், கதவுல டேப் பசை இருக்கு. இதையும் எடுத்துடவா?"

குனிந்து பார்த்தார். சாய்வெளிச்சத்தில், கதவில் முழ உயரத்துக்கு ஒரு ஏழு.

மூன்று மணிக்கு மனைவி வந்தபோது கார் வாசலில் மினுங்கிக்கொண்டிருந்தது. சொறியைப் பாலிஷ் பாதிதான் மறைத்திருந்தது. கைப்பையைக்கூட இறக்கவில்லை அவள். நேரே அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"கம்பி நாரா?"

"அத விடு. ஏழு யாரு?"

அவள் விரலை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். அது வாசல்படியை அழுத்திக்கொண்டிருந்தது.

"நான்தான் ஏழு."

"வெளையாடாத. வண்டிய யாருக்குக் குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல. நான்தான் ஓட்டுறேன். டிராக்ல பேர் குடுத்தா யார் வேணா ஓட்டலாம், கதவுல நம்பர் ஒட்டி விட்டுடுவாங்க. ஒன்றரை வருஷமாப் போறேன். அக்காவையும் மாமாவையும் நான்தான் பொய் சொல்ல வச்சேன். கறைய எப்பவும் எடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், நேத்து கடை லீவு."

"கூட யாரு?"

"யாருமில்ல. பக்கத்து சீட்டு காலி. அதுக்காகத்தான் போறதே."

மாஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது முழங்கால்மேல், நோயாளியை அமர்த்துகிற மாதிரி, கையை வைத்தாள்.

"சொன்னா கூட வருவேன்னு நிப்பீங்க. உங்க மேல கோவமெல்லாம் இல்லைங்க. ஆனா நான் ஓட்டும்போதெல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்து பிரேக்க மிதிக்கிறீங்க. பதினோரு வருஷமா. நம்ம வண்டியில அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது."