தடை ஓலை

எஃபாத்தே தீவில் எங்கள் ஊர்த்தலைவர் இறந்ததும் கரையில் தடை ஓலை கட்டினோம். சில மாதத் துக்கம் முடியும்வரை மிதவையில் மீன் பிடிக்கக் கூடாது; ஒரு படகும் அந்தப் பக்கம் போகவில்லை. மீன்கள் வந்து அண்டுவதற்காக ஆழ்கடலில் நங்கூரமிட்டு நாங்கள் கட்டிய மூங்கில் மிதவை அது.

துக்கம் முடிந்த காலையில், விருந்துக்குச் சூரை பிடிக்க எல்லாப் படகுகளும் கிளம்பின. கரையில் பெண்கள் சேனையைத் துருவி, கற்களைப் பழுக்கவைத்துச் சமைக்கும் கல்லடுப்பையும் மூட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் வெறும் கடல். மூங்கிலும் இல்லை, கயிறும் இல்லை. சுற்றிச் சுற்றித் தேடினோம்.

"கயிறு தேஞ்சு அறுந்திருக்கும்ணே," என்றான் என் தம்பி கல்மெட். கயிற்றைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"நீ என்னடா பாத்துக் கிழிச்ச?"

"ஓலை கட்டியிருக்கையில எப்படிண்ணே போறது? நீ போனியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும்தான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லையே.

வெறும் படகோடு கரையேறினோம். தலைவரின் மனைவி லெய்மாரா அத்தை அடுப்பில் பழுத்துக் கிடந்த கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் பிடிக்கக் கூடாதுன்னுதானேடா ஓலை கட்டுனோம்," என்றாள். "கயித்தப் பாக்கக் கூடாதுன்னா கட்டுனோம்?"