டேங்கில் மிச்சமிருந்த டீசல்

டிராக்டர் டேங்க் ஒழுகினால் நம் ஆட்கள் முதலில் சோப்பைத் தேய்ப்பார்கள், அப்புறம் கண்ட பசையையும் அப்புவார்கள். எல்லாக் கைவைத்தியமும் கைவிட்ட பிறகுதான் பட்டறை ஞாபகம் வரும். முந்தின நாள் ஒருவர் கொண்டுவந்து இறக்கிய பிளாஸ்டிக் டேங்கும் அந்த ரகம்தான். "எங்க அக்கா வீட்டு வண்டியோடது. நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மெக்கானிக் உள்ளே கிடந்த டீசலைத் தட்டில் வடித்தார். டேங்கிலிருந்து வடித்தது பட்டறைக்குச் சொந்தம். அதைக் கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. அதிலேயே ஒரு கியர்பெட்டியின் பல்சக்கரங்களைக் கழுவிப் போட்டார். பிறகு டேங்கைச் சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, பசையைச் சுரண்டினார். விரிசல் மேலே ஓடாமல் இருக்க இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார். சூட்டுக் காற்றில் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஒட்டி, தண்ணீர் நிரப்பிப் பார்த்தார். பொட்டுக்கூடக் கசியவில்லை. தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

காலையில் அந்த அக்காவே வந்தாள், கையில் காலி கேனோடு.

"தம்பி டேங்கை இங்க குடுத்துட்டுப் போனான். உள்ள இருந்த டீசலை இதுல ஊத்திக் குடுங்கண்ணா."

"அது கொஞ்சந்தானேம்மா, அடிமண்டி."

"இருக்கட்டும்ணா. வீட்டுக்காரரு கடைசியா ஊத்தினது. பாதி நிலத்தை உழுதுட்டுச் சாப்பிட வந்தவரு, உக்காந்த இடத்துலயே போயிட்டாரு. மீதியை நான் உழப்போறேன். அதுலயே ஓடட்டும்னு பாத்தேன்."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். தட்டில் டீசல் கிரீசும் இரும்புத்தூளுமாகக் கன்னங்கரேலென்று கிடந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கேனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசலை அதில் ஊற்றினார். நிறைய இருந்தால் சந்தேகம் வருமே என்று பார்த்துப் பார்த்துக் குறைவாக ஊற்றினார். அந்த நேரத்திலும் கள்ளப்புத்தி எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் கேனுக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"வேற எங்கயாவது குடுத்திருந்தா கீழ கொட்டியிருப்பாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்ணா."

அவர் டேங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சின்ன பாட்டில் ஒண்ணு இருந்தாக் குடுங்களேன். எல்லாத்தையும் ஓட்டித் தீத்துட்டா அப்புறம் ஒண்ணுமே இருக்காது. கொஞ்சம் வீட்டுல எடுத்து வெச்சுக்கறேன்."

பாட்டில் கண்ணெதிரேதான் இருந்தது. அவர் வெகுநேரம் தேடினார். இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் பாட்டிலைக் கழுவித் துடைத்து, அவரே ஊற்றி நிரப்பி, அவள் கையில் கொடுத்தார்.

"மூடியை நல்லா இறுக்கி வைம்மா," என்றார். "கசிஞ்சிடப் போகுது."