அம்மாவிடம் சொல்லிவிட்டு

தையற்கடைக்காரம்மாவுக்கு ஆளை அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வழுக்கை, தொப்பை, கையில் உயரம் குறைக்க வேண்டிய ஒரு பேன்ட். அவள் முன்பு வேலை பார்த்த சட்டைக் கம்பெனியின் கணக்குப்பிள்ளையேதான். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பேன்ட் சும்மா ஒரு சாக்கு.

“என்னாலதான் உன் வாழ்க்கை பாழாப்போச்சு,” என்றார். “ஐம்பது வருஷமா மனசு அறுக்குது. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நிம்மதியாக் கண்ணை மூடுவேன்.”

பாழாப்போச்சாம்! நாலு மிஷின் ஓடுகிற கடையில், அவள் வாங்கிப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சைப் பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அவள் அந்தக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலோ அவளைக் கேட்காமலே எவனுக்கோ பேசி முடித்துவிட்டார்கள். வெளியூருக்கு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வதென்று இவரும் அவளும் முடிவு செய்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் ஆகிவிட்டது. டிரைவர் டீ குடித்து முடிக்க வேண்டியதுதான் பாக்கி. இவர் நெளிய ஆரம்பித்தார்.

“மனசு கேக்கல. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.”

ஓடிப்போகிறவன் அம்மாவிடம் சொல்லிவிட்டா ஓடுவான்? இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! வேண்டாம் வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். “பக்கத்துத் தெருதானே” என்று இறங்கிப் போனார். டிரைவர் வந்தார், பஸ் கிளம்பியது. அவள் இறங்கவில்லை. இறங்கினால், பேசி முடித்தவனுக்குத்தான் கழுத்தை நீட்ட வேண்டும். தன்னந்தனியாகப் போனாள். தைத்தாள், கடை வைத்தாள், பிடித்த ஒருத்தரைக் கட்டிக்கொண்டாள், பிள்ளைகளும் பெற்றாள். இதற்கு இவர் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்!

“நான் திரும்பி ஓடி வந்தேன், தெரியுமா?” கணக்குப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார். “பஸ்ஸை விட்டுட்டேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. பாவம், அழுதுக்கிட்டு இருந்திருப்பே.”

அவள் பேன்ட்டின் காலை மடித்து, சாக்கட்டியால் கோடு போட்டாள்.

“பார்த்தேனே. ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு வந்தீங்க. தெரிஞ்சவரா, நிறுத்தவான்னு கண்டக்டர்கூடக் கேட்டாரு. யாரோ எவரோ, நீங்க போங்கண்ணேன்னு சொல்லிட்டேன்.”

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தைக்கிற பெண்கள் நால்வரும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஐயோ, ஏன் அப்படிச் சொன்னே?” கணக்குப்பிள்ளை எழுந்தே விட்டார். “அம்மா சரின்னுட்டாங்க! அதைச் சொல்லத்தானே அப்படி விழுந்தடிச்சு ஓடி வந்தேன்!”

“தெரியும்,” என்றாள் அவள். “என் பக்கத்துல உட்கார்ந்தப்ப வராத சிரிப்பு, அம்மா சரின்னதும் மூஞ்சியெல்லாம் வழிய ஓடி வந்தீங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டாம்னு சொன்னேன்.”