ஆறாம் ஸ்தலம்

இந்த உலகத்தில் ஏசுநாதருக்கு ஒழுங்காக ரத்தம் வரவைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கோயமுத்தூரில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார், பெயர் வெங்கடபதி. இதைச் சொன்னவரும் வெங்கடபதிதான். ரோமாபுரிக்காரன் அடித்ததில்கூட இந்தச் சிவப்பு வந்திருக்காது என்பார், சிரிக்காமல்.

1994 தவக்காலத்துக்குச் சிலுவைப்பாதைப் படங்கள், ஏசு சிலுவை சுமந்துபோன வழியின் பதினான்கு ஸ்தலமும், அவர் மெஷினில் ஓடின. ஆறாவதில் வெரோணிக்கா என்கிற பெண் ஏசுவின் முகத்தைத் துணியால் துடைக்கிறாள்.

"ஏனுங்க அம்மணி," என்றார், தாள் அடுக்கும் சின்னத்தாயியிடம். "ஆளைக் கொல்லக் கூட்டிப் போறாங்க. இவ என்னடான்னா டீக்கடை பெஞ்சைத் தொடைக்கற மாதிரி தொடைச்சுட்டு நிக்கறா. தொடைச்சா ரத்தம் நின்னுபோயிருமாக்கும்?"

"நிக்காதுங்கண்ணா."

"அப்பறம் எதுக்கு?"

சின்னத்தாயி ஈரத்தாளை விளிம்பில் பிடித்து அடுக்கில் வைத்தாள். "உங்களுக்கு எல்லாமே வெளையாட்டுங்க."

அப்போதுதான் முன்னறையில் போன் அடித்தது. அவர் மகன் சைதன்யா அன்னூர் பஸ்ஸின் படியிலிருந்து விழுந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டார்கள். வெங்கடபதி சட்டையை மடித்துக் கையை நீட்டினார். நர்ஸ் அந்தக் கையைப் பார்த்துப் பதறினாள். "உங்களுக்கும் அடிங்களா?"

"இது ஏசுவோடதுங்க," என்றார். பிறகு, "மையிங்க."

அவருடையது பி பாசிட்டிவ். அச்சகத்திலிருந்து ஓடிவந்த நாலு பேருடையதும் சேரவில்லை. பொள்ளாச்சியில் ஒரு பாட்டில் இருக்கிறதாம், கார் போயிருக்கிறது. அவர் மனைவி கோமளா மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டாள். அவள் வந்து மகனைக் கேட்பதற்குள் கார் வரவேண்டும். வராந்தாவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, "உங்களுது என்ன குரூப்புங்க?" என்று கேட்டார். ஒருவர் அவரை இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

உள்ளே, சைதன்யாவின் தலைக்கட்டை மீறி நெற்றியில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. வெங்கடபதியின் மெஷினில் ஒருநாளும் அந்த நிறம் வந்ததில்லை.

"தொடைச்சுப் பிரயோசனமில்லைங்க, மறுபடி வரும்," என்றாள் நர்ஸ். "கார் வரட்டும்."

"செரிங்க."

வேட்டியில் மை படாத நுனி ஒன்றைத் தேடி எடுத்து, மகனின் நெற்றியைத் துடைத்தார். மறுபடி வந்தது. அவர் இன்னொரு நுனியைத் தேடினார்.