பொன்னம்மா சுரண்டிய குடல்

1.

இந்தக் கதை என் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்குடலைத் திருப்பிப் போட்டுக் கத்தியின் முதுகால் வழித்துக்கொண்டிருந்தேன். வழவழவென்று ஏதோ கையோடு வந்தது. என்னவென்று நூலகத்தில் தேடினேன். சிறுகுடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத விரல்கள், வெல்வெட் துணியின் முடி மாதிரி நெருக்கமாக இருக்கின்றனவாம். சாப்பிட்டதை உடம்புக்குள் இழுத்துக்கொள்வது அவைதான். நாம் கழுவி ஊற்றுவதும் அவற்றைத்தான்.

2.

முதல் தொடக்கம்: "1943. காஜா பெராங்கின் மேல் விமானங்கள்—"

வேண்டாம். விமானம் வந்தால் குடலை யார் கவனிப்பார்கள்?

இரண்டாவது: மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில் நல்லையா அங்கே கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தார். ஒரு மருந்தகத்தில் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கிருந்த ஜப்பான் டாக்டர், பாடம் நடத்தச் சிறுகுடலைச் சீவி வைத்த கண்ணாடிச் சிலைடு ஒன்று கேட்டார். வாரக் கடைசிக்குள் வராவிட்டால் நல்லையா சயாம் ரயில் பாதை போடப் போகவேண்டும்; போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. (டாக்டரை முதலில் கத்தவைத்தேன். பிறகு மெதுவாகப் பேசவைத்தேன். அப்போதுதான் நல்லையாவுக்குப் பயம் வந்தது.)

3.

இறைச்சிக்கடை யூசுப் பாய் ஒரு முழம் குடல் கொடுத்தார்.* அதை மனைவி பொன்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, சதை கெடாமல் ஊறவைக்கிற ஃபார்மலின் எடுத்துவர நல்லையா மருந்தகத்துக்கு ஓடினார். திரும்பி வந்தால்:

"என்ன பொன்னம்மா, வெள்ளை வெளேர்னு இருக்கு?"

"டாக்டர் பாக்கப் போறாருன்னு சொன்னீங்கல்ல. மஞ்சள், உப்பு போட்டு ரெண்டு தரம் சுரண்டிட்டேன்."

"ஐயோ, அந்த விரலெல்லாம்—"

"எந்த விரல்? நாத்தத்தோட குடுத்தனுப்புனா, நல்லையா பொண்டாட்டிக்குக் குடல் கழுவத் தெரியலன்னு ஜப்பான்காரன் சொல்லமாட்டானா?"

இங்கே நல்லையா கோபப்படவேண்டும் என்று எழுதியிருந்தேன். மனுஷன் சிரித்துவிட்டார்.

* அந்தப் பஞ்சத்தில் பாய்க்கு ஆடு எங்கே கிடைத்தது? நானும் கேட்டுப் பார்த்தேன். பாய் பேச்சை மாற்றிவிட்டார்.

4.

முடிவு ஒன்றில் அவரைச் சயாமுக்கு ரயிலேற்றினேன். இரண்டு வரிக்கு மேல் கை போகவில்லை. முடிவு இரண்டில் டாக்டர் குடல் கறி சாப்பிட்டு மனமிளகி— எனக்கே நம்பிக்கையில்லை.

முடிவு மூன்று. உள்ளே இருப்பது ஒழுகாமலிருக்க, யூசுப் பாய் குடலின் நுனியை முடிச்சுப் போட்டிருந்தார். பொன்னம்மா அதை வெட்டித் தொட்டியோரம் எறிந்திருந்தாள்.

"இதைச் சுரண்டலயே?"

"முடிச்சப் போய் யாராவது சுரண்டுவாங்களா?"

நல்லையா அதை ஃபார்மலினில் போட்டார். மீதி அடுப்பில் ஏறியது. வெறும் மரவள்ளியே தின்ற நாக்குகள். அன்றைக்கு இருவரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். "நெதமும் ஒரு டாக்டர் குடல் கேக்கட்டும்," என்றாள் பொன்னம்மா.

ஆனால் ஆடு செத்ததுமே அந்த விரல்கள் கரையத் தொடங்கிவிடும் என்கிறது புத்தகம். முடிச்சுக்குள் ஏதாவது மிஞ்சியதா? எனக்குத் தெரியாது.

சிலைடு தயார். டாக்டருக்கு முன்னால் உங்களைப் பார்க்கவிடுகிறேன். குனியுங்கள், ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். என்ன தெரிகிறதென்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். நல்லையா கதவருகே நிற்கிறார்.