யெல்தோஸின் அறைக்குப் போகும் குழாய்

அந்த ஜனவரியில் தராஸ் நகரத்தில் காற்று ஓயவே இல்லை. பாகிலா காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் சமையலறைச் சுவரில் தொங்கும் பாய்லரின் முன்னால் போய் நிற்பாள். அதன் அடிப்பக்கத்தில் அழுத்தம் காட்டும் சின்ன வட்டமானி. முள் ஒன்றரையில் நிற்க வேண்டும். அரைக்குக் கீழே இறங்கினால் பாய்லர் சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும், வீடு சில்லிட்டுப்போகும். பத்து நாளாகத் தினமும் இதே கதை. கறுப்புத் திருகைத் திறப்பாள், குழாய்க்குள் தண்ணீர் சீறும், முள் ஏறும், மூடுவாள். மறுநாள் பார்த்தால் முள் பழையபடி படுத்துக் கிடக்கும்.

கணவன் ஒரின்பாய் இருந்தவரை அவள் அந்த முள்ளை நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. வீட்டின் வெந்நீர்க் குழாய்கள் முழுவதையும் தரைக்கடியில் போட்டவன் அவன்தான்; கூடமாட ஒத்தாசைக்கு மகன். அவன் இறந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. நான்கு அறை வீட்டில் இப்போது அவள் ஒருத்தி. மருந்துக்கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களின் இருமலையும் மூட்டுவலியையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பேச்சு என்று கேட்பது தொலைக்காட்சியில்தான்.

பதினோராம் நாள் சேய்த்கானைக் கூப்பிட்டாள். பாய்லர் ரிப்பேர் செய்கிறவன், வாய் ஓயாதவன்.

"என்னக்கா, ஒட்டகம் வளக்குறீங்களா? தினம் இவ்ளோ தண்ணி குடிக்குதே!" என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றினான். உள்ளே சிவப்புத் தட்டுபோல இருந்த காற்றுத் தொட்டியில் காற்று இறங்கிவிட்டதோ என்று பார்த்தான். கார் டயருக்கு அடிக்கும் பம்பால் காற்றடித்தான். "இதுலயே சரியாப் போச்சுன்னா உங்க அதிர்ஷ்டம்."

சரியாகவில்லை. மறுநாள் காலையில் முள் முக்காலில் நின்றது.

இரண்டாம் முறை வந்தபோது, அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரைத் துப்பும் வால்வின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் போனான். பை காய்ந்தே கிடந்தது. மூன்றாம் முறை, பாய்லருக்கும் குழாய்களுக்கும் நடுவிலுள்ள அடைப்பான்களை மூடச் சொன்னான். வீடு நடுங்கிய அந்தச் சில மணி நேரமும் பாய்லரின் முள் அசையவே இல்லை.

"பாய்லர் மேல தப்பில்லக்கா. தண்ணி தரைக்கடியிலதான் எங்கயோ ஓடுது. இதோ நாலு குழாய் பிரியுது பாருங்க, தினம் ஒண்ண மட்டும் மூடிட்டு வேலைக்குப் போங்க. எதை மூடுன அன்னிக்கு முள்ளு நிக்குதோ, அதான் திருடன்."

முதல் நாள் குளியலறைக்குப் போவதை மூடினாள். முள் இறங்கியது. அடுத்த நாள் கூடம். அப்போதும் இறங்கியது. மூன்றாம் நாள் தன் படுக்கையறையை மூடிவிட்டு, மாலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. நான்காவது குழாய் அவள் மகன் யெல்தோஸின் அறைக்குப் போவது. அதை மூட அவளுக்கு மனம் வரவில்லை. மேலும் இரண்டு நாள் தண்ணீரை விட்டுக்கொண்டே ஓட்டினாள்.

யெல்தோஸ் அந்த அறையில் படுத்து நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் ஒரு குளிர்காலத்திலும் அந்த அறை சில்லிட்டதில்லை. மாதம் ஒருமுறை விரிப்பை மாற்றுவாள்; யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி விரிப்பாள்.

ஒரின்பாயின் ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் விருந்தில் நடந்தது அது. சட்டப் படிப்பை விட்டுவிட்டு, கடலோர நகரமான அக்தாவுக்குப் போய்க் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் சேரப்போவதாக யெல்தோஸ் சொன்னான். இருபது விருந்தாளிகள் பார்த்திருக்க அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்தான். பாகிலா அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கிண்ணத்தை நிரப்பி அடுத்த விருந்தாளியிடம் நீட்டினாள். மகன் அப்பாவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். அன்று மாலையே கிளம்பிப் போனான். அடுத்த வருடம் அப்பாவை அடக்கம் செய்ய வந்தவன் சித்தப்பா வீட்டில் தங்கினான். புறப்படும்போது வாசலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "நீங்க டீ ஊத்திக்கிட்டே இருந்தீங்கம்மா." அதற்குப் பிறகு பண்டிகை வாழ்த்து மட்டும்தான், அதுவும் எழுத்தில்.

ஆறாம் நாள் நான்காவது குழாயை மூடினாள். மாலையில் வந்து பார்த்தாள். முள் ஒன்றரையில் ஆணி அடித்ததுபோல் நின்றது.

சேய்த்கான் சிரித்தான். "புடிச்சாச்சு திருடனை! ஒண்ணுமில்லக்கா. அந்த ரூமுக்குப் போற குழாய்லேருந்து தண்ணிய ஊதி எடுத்துட்டு நிரந்தரமா அடைச்சுடுறேன். யாரும் இல்லாத ரூம்தானே? கேஸும் மிச்சம்."

"வேணாம்."

"அப்போ தரைய ஒடைக்கணும். எங்க ஒழுகுதுன்னு தெரியாது, ரூம் முழுக்க ஒடைச்சாலும் ஒடைக்கணும். குழாய் போட்டது யாரு? அவங்களக் கேட்டா ஏதாவது தெரியும்."

"ரெண்டு பேரு போட்டாங்க. ஒருத்தர் மண்ணுக்குள்ள இருக்காரு."

"இன்னொருத்தர்?"

பாகிலா எழுந்துபோய் மகன் அறையின் கதவைச் சாத்தினாள். சேய்த்கான் பம்பை எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம் மருந்துக்கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மகனின் எண்ணை அழுத்தினாள். ஏழாவது மணியில் எடுத்தான். பின்னால் இரும்பை அறுக்கும் ஓசை.

"என்னம்மா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். பாய்லர்தான்... தண்ணி நிக்க மாட்டேங்குது. உன் ரூம் தரைக்கடியில ஒழுகுதாம். குழாய் எப்படிப் போகுதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

அறுக்கும் ஓசை தள்ளிப்போனது. எங்கோ நடந்து வெளியே வருகிறான் என்று புரிந்தது.

"ஜன்னலுக்குக் கீழ," என்றான். "அலமாரி மூலைலேருந்து ரெண்டு முழம். அங்க ஒரு இணைப்பு இருக்கு."

"தரைக்குள்ள இணைப்பே போடக் கூடாதுன்னு உங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்வாரே!"

"நான்தான் ஒரு சாண் குறைச்சலா வெட்டிட்டேன். பதினஞ்சு வயசு எனக்கு. அதான் கடைசிக் குழாய், வேற குழாய் இல்ல. செத்தோம்னு நெனச்சேன். அப்பா திட்டவே இல்ல. ரெண்டு துண்டையும் சேத்து இணைப்பு போட்டுட்டு, 'அம்மாகிட்ட சொல்லாதே, மானத்த வாங்கிடுவா'ன்னாரு. மேல சிமெண்ட்டப் பூசிட்டோம்."

பாகிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பத்து வருடத்துக்கும் மேலாக அந்தத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்; அப்பனும் மகனும் சேர்ந்து ஒளித்தது அதற்கடியில் கிடந்திருக்கிறது.

"யெல்தோஸ், அன்னிக்கு நான் கையில இருந்த கெட்டிலக் கீழ வெச்சிருக்கணும். எந்திரிச்சு உன் பக்கத்துல வந்து நின்னிருக்கணும். நான் நிக்கல."

போனில் காற்று இரைந்தது. கடற்காற்றாக இருக்கும்.

"மொதல்ல அந்தக் குழாய்ல தண்ணிய எறக்கிடுங்கம்மா," என்றான் கடைசியில். "இல்லேன்னா ஒடைக்கிறப்போ ரூம் முழுக்கக் கொட்டிடும். வேல இருக்கு, வெக்கிறேன்."

சனிக்கிழமை சேய்த்கான் உளியோடு வந்தான். கட்டிலையும் புத்தகப் பெட்டிகளையும் இருவரும் சேர்ந்து கூடத்துக்கு நகர்த்தினார்கள். அலமாரி மூலையிலிருந்து ஜன்னலோரமாக இரண்டு முழம் அளந்து கொத்தினான். மூன்றாவது பாளம் பெயர்ந்ததும் ஈர மண்ணின் வாடை வந்தது. பித்தளை இணைப்பு பச்சை பூத்துக் கிடந்தது. இறக்கியது போக மிஞ்சிய தண்ணீர் அதன் ஒரு விளிம்பில் சொட்டாகக் கூடி, விழுந்து, மறுபடி கூடியது.

"அட, சொன்ன எடத்துல அப்படியே இருக்கே! யாருக்கா அந்த ஆளு, என் வேலைக்கு வேட்டு வெச்சிடுவாரு போல."

"என் மகன்" என்றாள் பாகிலா. அந்த வார்த்தையை வெளியாள் ஒருவரிடம் சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

சேய்த்கான் பழைய இணைப்பை அறுத்தெடுத்துப் புதியதைப் பொருத்தினான். தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பாலும் உப்பும் போட்ட தேநீர் கொடுத்தாள். எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டைகளும் வைத்தாள். அவன் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, சிமெண்ட் பூசி, ஒரு வாரம் மிதிக்காதீர்கள் என்று சொல்லிப் போனான். பச்சை பூத்த இணைப்பைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினாள். "அதேதான்" என்று பதில் வந்தது. வேறெதுவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அறை வெறுமையாகக் கிடந்தது. முள் இறங்கவில்லை. காலையில் எழுந்து போய் நின்று பார்ப்பதற்குக் காரணம் இல்லாமல் போனது அவளுக்கு ஒருமாதிரியாக இருந்தது.

இரண்டாவது ஞாயிறு போன் அடித்தது.

"முள்ளு எவ்ளோம்மா?"

"ஒண்ணரை."

"சரி."

"நவ்ரூஸ் பண்டிகைக்கு வருவியாப்பா?"

"லீவு கெடைக்காதும்மா."

லீவு காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும். "சரிப்பா" என்றாள். அவன் வைத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து, பெரிய மேசையின் ஓரத்தில் ஒற்றைக் கிண்ணத்தை வைத்துத் தேநீர் குடித்தாள்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தது. அன்று பாய்லரைப் பற்றி இருவருமே பேசவில்லை. தான் தங்கியிருக்கும் விடுதியின் ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது, இரவில் தொப்பி போட்டுக்கொண்டு படுக்கிறேன் என்றான். பஞ்சை நனைத்துப் பிழிந்து கத்தி முனையால் இடுக்கில் திணி, அதன்மேல் துணிப் பட்டையைச் சோப்புத் தடவி ஒட்டு என்று சொல்லிக்கொடுத்தாள். ம், ம் என்று கேட்டுக்கொண்டான். அவள் சொல்லி முடித்த பிறகும் உடனே வைக்கவில்லை. பிறகு, "வேலைக்கு நேரமாச்சும்மா" என்று வைத்தான்.