முழுக்கைச் சட்டை

வெளியே வெயில் கொளுத்தியது. வீட்டுக்குள் பஸ் டிரைவர் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து மின்விசிறிக்கே வியர்த்தது.

ரத்தப் புற்றுநோய்க்காக அக்காவின் ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அவருக்கு ஏற்றிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இப்போது கையெல்லாம் சிவந்த தடிப்பு, வயிற்றுப்போக்கு வேறு. அக்காவுக்கும் டாக்டருக்கும் மட்டும் அது தெரியக் கூடாது.

இந்த ஏற்பாடு, பெரியப்பா உபயம்.

"டாக்டர்கிட்ட சொன்னா என்னடா அர்த்தம்? உங்க அக்கா குடுத்தது சரியில்லைன்னுதானே? மாமியார் வீட்டையே எதிர்த்துக் குடுத்தவ. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

"அப்போ நான் மாடா பெரியப்பா?"

வாசலில் அக்கா நின்றாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர்; கழுத்தில் விசில். நேரே வந்து தம்பியின் பொத்தானைப் பிடுங்கிச் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"நீ வருத்தப்படுவேன்னுதான்க்கா..."

"நீ செத்தா சந்தோஷப்படுவேனா? செருப்பை மாட்டுடா!"

"மாப்பிள்ளை வீட்ல தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

அக்கா விசிலை வாயில் வைத்தாள். பெரியப்பாவே தம்பியின் செருப்பை எடுத்துப் போட்டார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா தடிப்பைப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். "உங்க செல்லுல குறையே இல்லம்மா. மிச்சம் இருக்கிற புற்றுநோய் செல்லை அடிக்கணும்னுதான் அதைக் கேட்டு வாங்கினோம். அது இவர் தோலையும் குடலையும் கூட அந்நியம்னு நெனச்சு அடிக்குது."

"சின்ன வயசுலயும் அப்படித்தான் டாக்டர். யாரை அடிக்கிறோம்னே பாக்க மாட்டா," என்றார் டிரைவர். "மொத்தமா அடக்கிடுங்களேன்."

"மொத்தமா அடக்கினா கிருமி பூந்துடும், நோயும் திரும்பி வரலாம். அடக்காம விட்டா குடலும் ஈரலும் கெடும். கொஞ்சம் கொஞ்சமா பாத்துத்தான் மருந்தை ஏத்தி இறக்கணும். வளைவு வருதுன்னு நீங்க சொன்னாத்தானே சார் நான் பிரேக் போட முடியும்? சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சா?"

புது மருந்தோடு வீடு திரும்பியபோது டிரைவரின் இரண்டு சட்டைக் கைகளும் முழங்கைக்கு மேல் சுருண்டிருந்தன. தெருவே பார்த்தது.

"கையை இறக்குடா, நாலு பேர் பாக்கறாங்க," என்றார் பெரியப்பா.

"நல்லா பாக்கட்டும். அக்கா குடுத்தது நான் உயிரோட இருக்கறதுக்கு. அவ பேரைக் காப்பாத்த நான் சாகறதுக்கில்ல. குடுத்தவங்க மனசு நோகும்னு நோயை மறைக்கிறது நன்றி இல்ல பெரியப்பா, குடுத்ததைக் குப்பையில போடறது!"

பெரியப்பா ஒரு பழமொழி தேடினார். தேடிக்கொண்டே மருந்துப் பையை வாங்கி உள்ளே போனார்.